ஏழு நிமிடத்தின் முன்கதை: டோக்கியோவின் டெஸ்ஸெய் துப்புரவுக் குழு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மருத்துவமனை, ஐடி வளாகம், வணிக வளாகம் போன்ற இடங்களில் வேலை செய்யும் ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். கூப்பிடுகிறவர்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் கேட்பார்கள். "மேடம், நம்ம ஆட்களுக்கு ஒருநாள் க்ரூமிங் கிளாஸ் எடுங்க. பார்க்க நீட்டா இருக்கணும், வர்றவங்ககிட்ட மரியாதையா பேசணும்." சொல்லிவிட்டுச் செல்பேசியை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டுவார்கள். டோக்கியோ ரயில் நிலையம். சிவப்பு உடுப்பில் ஒரு குழு நடைமேடையில் வரிசையாக நின்று, வரும் ரயிலுக்குக் குனிந்து வணக்கம் சொல்கிறது. ஏழு நிமிடத்தில் முழு ரயிலையும் சுத்தம் செய்துவிட்டு மறுபடி வரிசையில் நின்று, காத்திருக்கும் பயணிகளைப் பார்த்துக் குனிகிறது. "இந்த மாதிரி வேணும் மேடம்."

எனக்கும் அந்த மாதிரி வேண்டும்தான். ஆனால் அந்த வீடியோவில் தெரிவது ஒரு கதையின் கடைசிப் பக்கம். முதல் பக்கத்தில் அவமானமும் புகாரும் விபத்தும் இருக்கின்றன. நடுப் பக்கங்களில் குளிர்சாதனம் போட்ட ஓய்வறை, பாராட்டுச் சீட்டு, தொப்பியில் செருகிய பூ எல்லாம் வருகின்றன. வணக்கமும் சிரிப்பும் அவற்றுக்கெல்லாம் பிறகு வந்தவை. அந்த வரிசையை மாற்றிப் போட்டால் பயிற்சி ஒட்டாது என்பதை என் வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் இந்த நிறுவனத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

இடமும் நெருக்கடியும்

நிறுவனத்தின் பெயர் டெஸ்ஸெய். ஜப்பானின் கிழக்குப் பகுதி ரயில்களை நடத்தும் ஜேஆர் கிழக்கு நிறுவனத்தின் துணை நிறுவனம். ரயில் பராமரிப்புக்கென்று 1952இல் தொடங்கியது. டோக்கியோ நிலையத்தில் ஜேஆர் கிழக்கின் ஷிங்கன்சென் அதிவேக ரயில்களைச் சுத்தம் செய்வது இதன் பொறுப்பு. ஒசாகா பக்கம் போகும் ஷிங்கன்சென்கள் வேறு ஒரு ரயில் நிறுவனத்தைச் சேர்ந்தவை, அவற்றை வேறு ஆட்கள் சுத்தம் செய்கிறார்கள். வீடியோ பார்க்கும் பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள்.

ஜேஆர் கிழக்கின் ஷிங்கன்சென்களுக்கு டோக்கியோ நிலையத்தில் இருப்பவை இரண்டே நடைமேடைகள், நான்கே தடங்கள். தொஹோகு, ஜோயெட்சு, ஹொகுரிகு, யமகாட்டா, அகிட்டா என்று வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் எல்லாப் பாதைகளும் அந்த நான்கு தடங்களில் வந்து முடிகின்றன. நெரிசல் நேரத்தில் நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் புறப்படுகிறது. ஆகவே வந்த ரயில் தடத்தில் நிற்கக் கிடைப்பது சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம். பயணிகள் இறங்க இரண்டு, புதியவர்கள் ஏற மூன்று என்று கழித்தால் மிஞ்சுவதுதான் அந்த ஏழு. சுறுசுறுப்பைக் காட்டுவதற்காக யாரும் வைத்த இலக்கு இல்லை, கால அட்டவணையே விதித்தது. ஒரு பெட்டியில் ஒரு நிமிடம் தாமதித்தால் பின்னால் வரும் ரயில்கள் வரிசையாகத் தாமதிக்கும்.

இந்த நெருக்கடி, மாற்றம் தொடங்கிய 2005க்கு முன்பும் இருந்தது, அப்போதும் அங்கே ஆட்கள் சுத்தம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அப்போது நிலைமை வேறு. ஜப்பானில் இத்தகைய வேலைகளை 'மூன்று கே' என்பார்கள்: கிட்டனாய், கிகென், கிட்சுய். அழுக்கானது, ஆபத்தானது, கடினமானது. டெஸ்ஸெயில் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். பெரும்பகுதியினர் நடுவயதைத் தாண்டியவர்கள், வேறு வேலை முடிந்தோ இழந்தோ வந்தவர்கள், பலர் பகுதிநேர ஊழியர்கள். பயணிகளின் புகார்கள் கூடிக்கொண்டே போயின. வேலையில் தவறுகள், பாதுகாப்புக் குறைபாடுகள், பாதியில் விட்டுப் போகிறவர்கள் என எல்லாம் உச்சத்தில் இருந்தன. நிர்வாகம் செய்து பார்த்த வைத்தியம் நமக்கும் பழக்கமானதுதான்: மேற்பார்வையைக் கூட்டுவது, விதிகளைக் கூட்டுவது. பெரிய பலன் இல்லை.

யாபே வந்தார்

2005இல் டெருவோ யாபே அங்கே அனுப்பப்பட்டார். 1966இல் ஜப்பான் தேசிய ரயில்வேயில் சேர்ந்தவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டு ரயில் இயக்கத்திலும் பாதுகாப்பிலும் கழித்தவர். துப்புரவு நிறுவனத்துக்கு மாற்றல் என்றதும் அவருக்கே மனசு ஒப்பவில்லை, போயும் போயும் அங்கேயா என்றுதான் முதலில் தோன்றியது. இதை அவரே பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. அந்த வேலையைப் பற்றி ஊர் உலகத்துக்கு இருந்த எண்ணம்தான் அதைச் சரிசெய்ய வந்தவருக்கும் இருந்தது. அவர் முதலில் மாற்ற வேண்டியிருந்தது தன்னைத்தான்.

அவர் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்தவர் என்பதும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். விபத்து நடந்தால் நல்ல பாதுகாப்பு அதிகாரி 'யார் தப்பு?' என்று நிறுத்திக்கொள்ள மாட்டார், 'தப்பு நடக்க இடம் கொடுத்தது எது?' என்றும் பார்ப்பார். யாபே நடைமேடையிலும் ஓய்வறையிலும் சுற்றினார், ஊழியர்கள் பேசுவதைக் கேட்டார். அவர் கண்டது இது: இந்த ஆட்கள் சோம்பேறிகள் இல்லை. தரப்பட்ட வேலையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதற்கு மேல் ஒரு அடி வைப்பதில்லை, வைக்க வேண்டும் என்று யாரும் அவர்களிடம் கேட்டதுமில்லை. 'நாங்கள் வெறும் துப்புரவு ஆட்கள், கண்ணில் படாமல் இருப்பதுதான் எங்களுக்கு மரியாதை' என்ற நினைப்பு ஊறியிருந்தது.

உடுப்பும் அதற்கேற்பத்தான் இருந்தது. வெளிர் நீலம். ரயிலின் நிறத்தோடு நிறமாக ஒன்றிப்போகும்.

அவருடைய தொடக்க கால வேலைகளில் பயிற்சி வகுப்பைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஓய்வறைக்குக் குளிர்சாதனம் போட்டது. டோக்கியோவின் கோடை, புழுக்கமான கோடை. ஏழு நிமிடம் ஓடியாடி வேலை செய்தவர் அடுத்த ரயிலுக்கு முன் உட்காரும் அறை வெந்தால், அடுத்த ரயிலில் முகம் எப்படி மலரும்? இது எளிய கணக்கு. ஆனால் பட்ஜெட் கூட்டங்களில் கடைசியாக வருவதும், முதலில் வெட்டப்படுவதும் இதுதான். ஊழியர்கள் சொன்ன குறையைக் கேட்டு அதைச் சரிசெய்ததும், இவர் கேட்பவர் மட்டுமில்லை, செய்கிறவரும்கூட என்று தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் சொன்ன மற்றதெல்லாம் காதில் ஏறியது.

அடுத்து, வேலைக்கு வேறொரு அர்த்தம் சொன்னார். உலகத் தரமான ஒரு ரயில் அமைப்பைத் துப்புரவு என்ற பக்கத்திலிருந்து தாங்குகிற தொழில்நுட்பர்கள் நீங்கள் என்றார். 'சுத்தம் செய்வது' என்பதை விரித்து, பயணியின் பயணம் நன்றாக அமைய நிலையத்தில் தேவைப்படும் எல்லாமே நம் வேலை என்று பொருள் சொன்னார். அதற்கு முழுச் சேவை என்று பெயர் வைத்தார். நடைமேடையை மேடை என்றும் ஊழியர்களை நடிகர்கள் என்றும் பயணிகளைப் பார்வையாளர்கள் என்றும் உருவகப்படுத்தி, மொத்தத்துக்கும் 'ஷிங்கன்சென் நாடக அரங்கு' என்று பெயர் வைத்தார். வெறும் பேச்சாகவே இது நின்றிருந்தால் பத்து நாளில் மறந்துபோயிருக்கும். பேச்சுக்குப் பின்னால் உடுப்பு, அதிகாரம், பதவி, பாராட்டு என்று ஒவ்வொன்றாக வந்ததால் நின்றது.

சிவப்பு

வெளிர் நீலம் போய்ப் பளிச்சென்ற சிவப்பு வந்தது. ஒளிந்து வேலை செய்தவர்கள் தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி ஆனார்கள். பருவத்துக்கு ஏற்பத் தொப்பியில் பூ செருகினார்கள், வசந்தத்தில் செர்ரிப் பூ, கோடையில் செம்பருத்தி. வெயில் காலத்தில் பூப்போட்ட அலோஹா சட்டையும், பண்டிகை நாளில் யுகாட்டா என்னும் பருத்தி உடையும் உண்டு. இது போன்ற யோசனைகளுக்கு ஊழியர்களிடமிருந்தே வரவேற்பு இருந்தது.

தோற்றப் பயிற்சி என்ற பெயரில் நாம் செய்வது என்ன? நகம் வெட்டு, தலையை வாரிக் கொண்டை போடு, நகை போடாதே, சட்டையை இஸ்திரி போடு. இவை தேவைதான், மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புக்கு நிச்சயம் தேவை. ஆனால் எல்லாமே 'செய்யாதே', 'மறை' என்ற திசையில் இருப்பதைக் கவனியுங்கள். டெஸ்ஸெயின் உடுப்பு 'உன்னைப் பார்க்கட்டும்' என்ற திசையில் போனது. தன்னைப் பிறர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர் சட்டைக் கசங்கலைத் தானே சரிசெய்துகொள்வார், அதற்குத் தனியாகச் சூப்பர்வைசர் வேண்டியதில்லை.

உடுப்பு மாறியதும் இன்னொன்று நடந்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. சிவப்புச் சட்டைக்காரர்களிடம் பயணிகள் வழி கேட்கத் தொடங்கினார்கள். எந்த நடைமேடை, லிஃப்ட் எங்கே, கழிவறை எங்கே. வெளிர் நீலத்தில் இருந்தபோது கண்ணில் படாதவர்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டுமே. ஆக 'வாடிக்கையாளரிடம் பேசும் பயிற்சி' என்பதற்கு ஒரு தேவை தானாகவே உண்டாகிவிட்டது. யாபே இதை முறைப்படுத்தி, பயணிகளுக்கு உதவுவதற்கென்றே 'காமெட் சூப்பர்வைசர்' என்று ஒரு குழுவை நிலையத்தில் அமைத்தார். பெட்டி தூக்க முடியாத முதியவர், வழி தெரியாதவர், குழந்தையோடு வரும் தாய் என்று அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். துப்புரவு நிறுவனத்துக்குள்ளேயே மரியாதையான ஒரு முன்னேற்றப் படியும் அதனால் கிடைத்தது. பகுதிநேர ஊழியர்கள் தேர்வு எழுதி நிரந்தர ஊழியராகும் வழியையும் முன்பைவிட எளிதாக்கினார்கள். மேலே போக ஒரு படி இருக்கிறது என்று தெரிந்தவரின் நடையே வேறு மாதிரி இருக்கும், இதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அந்த ஏழு நிமிடம்

இப்போது வீடியோவுக்கு வருவோம். வழக்கமாக ஒரு குழுவில் 22 பேர். சாதாரணப் பெட்டிக்கு ஒருவர், முதல் வகுப்பான கிரீன் பெட்டிக்கு இரண்டு மூன்று பேர், கழிவறைகளுக்குத் தனி ஆட்கள். பெட்டி 25 மீட்டர் நீளம், ஏறத்தாழ நூறு இருக்கைகள். பத்துப் பெட்டிகள் கொண்ட ஈ5 வகை ரயில் 731 இருக்கைகளோடு ஓடத் தொடங்கியது. அதோடு ஏழு பெட்டி ரயில் ஒன்று சேர்ந்து பதினேழு பெட்டியாகவும் வரும்.

ரயில் வர மூன்று நிமிடம் இருக்கும்போதே குழு நடைமேடையில் நிற்கும். ரயில் நுழையும்போது குனியும். கதவு திறந்ததும் இறங்குகிறவர்கள் முன் பையை விரித்துப் பிடித்து, பயணக் களைப்புக்கு இதமாக ஒரு சொல் சொல்லிக் குப்பையை வாங்கிக்கொள்ளும். கடைசிப் பயணி இறங்கியதும் உள்ளே ஓட்டம். முதலில் நடைவழியில் ஒரே நடையாகப் போய், இருக்கை இடுக்குகளிலும் மேல் தட்டிலும் கண்ணோட்டி, பெரிய குப்பையையும் மறந்துவிட்டுப் போன பொருளையும் எடுப்பது. இதற்கு ஒன்றரை நிமிடம். அடுத்து எல்லா இருக்கைகளையும் புறப்படும் திசைக்குத் திருப்புவது, ஏறக்குறைய அரை நிமிடம். பிறகு நான்கு நிமிடம் நூறு மடக்கு மேசைகளைத் துடைப்பது, ஜன்னல் திரைகளைச் சரிசெய்வது, இருக்கைத் தலைப்பகுதியின் வெள்ளைத் துணி அழுக்காக இருந்தால் மாற்றுவது, பெருக்குவது. கடைசி ஒரு நிமிடம் சரிபார்ப்பு. அப்புறம் வெளியே வந்து வரிசை, வணக்கம்.

இந்த வேலையின் ஒழுங்கு வேகத்தால் மட்டும் வருவதில்லை. எதை முதலில், எதை அடுத்து என்ற வரிசையில் கைவைத்தால் குலைந்துவிடும். பெருக்கிய பிறகு மேசையைத் துடைத்தால் துகள் கீழே விழும், மறுபடி பெருக்க வேண்டும். மேலிருந்து கீழே, உள்ளிருந்து வெளியே என்பது வீட்டில் பாட்டி ஒட்டடை அடித்துவிட்டுக் கூட்டுவதில் இருக்கும் அதே அறிவு. தொழில் என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு வேலைக்குச் சரியான வரிசையும் சரியான கருவியும் உண்டு, அதைக் கற்றவருக்கும் கற்காதவருக்கும் வித்தியாசம் உண்டு என்று ஒப்புக்கொள்வதுதான் துப்புரவைத் தொழிலாக மதிப்பதன் தொடக்கம்.

வணக்கம் எதற்கு என்று கேட்பார்கள். பயணிக்கு அது மரியாதை. குழுவுக்கு அது தொடக்க மணியும் முடிவு மணியும். 22 பேரும் ஒரே கணத்தில் குனிந்து நிமிரும்போது, தனித்தனியாக வந்தவர்கள் ஒரு குழு ஆகிறார்கள். முடிவில் குனியும்போது, இது எங்கள் வேலை, இதோ முடிந்தது, பாருங்கள் என்கிறார்கள். தன் வேலையில் குறை வைத்தவரால் அந்த வரிசையில் முகம் கொடுத்து நிற்க முடியாது.

பாராட்டைப் பதிவு செய்தார்கள்

நமது இடங்களில் துப்புரவு ஊழியர் பற்றிய பதிவேடு என்றால் அது தாமதப் பதிவேடு, புகார்ப் பதிவேடு, விடுப்புப் பதிவேடு. நல்லதை எழுத ஒரு நோட்டு கிடையாது. டெஸ்ஸெயில் 'ஏஞ்சல் ரிப்போர்ட்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். களத்தில் இருக்கும் தலைவர்கள், தம்மைச் சுற்றி யார் என்ன நல்லது செய்தார் என்று எழுதி அனுப்ப வேண்டும். பெரிய வீரச் செயல் தேவையில்லை. யாருமே கவனிக்காத மூலையைத் தினமும் துடைக்கிறவர், புதிதாகச் சேர்ந்தவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பவர், பயணி தொலைத்த ஒரு பொருளைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் என்று, சத்தமில்லாமல் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள்தான் அதில் அதிகம் வரவேண்டும் என்பது யாபேயின் பிடிவாதம். எழுதியவை எல்லோருக்கும் தெரியும்படி வைக்கப்பட்டன, பரிசும் தரப்பட்டது. இன்னொரு நுட்பமான காரியம்: அதிகம் பாராட்டி எழுதிய தலைவர்களையும் பாராட்டினார்கள். அதனால் மேற்பார்வையாளரின் கண் பழகும் திசை மாறிவிட்டது. காலையிலிருந்து மாலைவரை குற்றம் தேடிய கண், இப்போது நல்லதைத் தேட வேண்டியதாயிற்று.

சூப்பர்வைசர் பயிற்சியில் இதை நான் கட்டாயம் சொல்கிறேன். ஊழியர் முகம் சிரிக்க வேண்டுமானால், முதலில் சூப்பர்வைசர் முகம் சிரிக்க வேண்டும், அன்று அவர் பார்க்கும் முதல் முகம் அதுதான்.

கருத்து சொல்லும் உரிமையும் இதோடு வந்தது. சிறு குழுக்களாகக் கூடி மேம்பாட்டு யோசனைகள் சொன்னார்கள், நிர்வாகம் செய்து காட்டியது. நிலையத்தில் குழந்தையோடு வரும் தாய்மார்கள் படும் பாட்டை யார் தினமும் பார்க்கிறார்கள்? கழிவறையைச் சுத்தம் செய்கிறவர்கள்தான். அவர்கள் சொன்னதிலிருந்து குழந்தைகளுக்கான ஓய்வறை போன்ற வசதிகள் பிறந்தன. 'வேலையை மட்டும் பார், வாயைத் திறக்காதே' என்று இருந்திருந்தால் அந்த அறிவு அப்படியே கழிவறையோடு போயிருக்கும்.

பார்ப்பதும் பார்க்கப்படுவதும்

2015இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ரயன் பியூலும் டெஸ்ஸெயைப் பாடமாக எழுதினார்கள். பியூலும் அவரது சகாக்களும் செய்த இன்னொரு ஆய்வு, 2017இல் வெளியானது, இங்கே பொருத்தமானது. உணவகத்தில் சமைப்பவரை வாடிக்கையாளரும், வாடிக்கையாளரைச் சமைப்பவரும் பார்க்கும்படி வைத்துச் சோதித்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபோது, தரம் பற்றி வாடிக்கையாளர் தந்த மதிப்பீடு 22.2 சதவீதம் உயர்ந்தது, வேலை முடிய ஆன நேரம் 19.2 சதவீதம் குறைந்தது. பார்ப்பவருக்கு உழைப்பு புரிகிறது, உழைப்பவருக்கு அது யாருக்காக என்று புரிகிறது.

டோக்கியோவிலும் அதுதான். சுத்தம் செய்பவர்களைப் பார்த்த பயணிகள் தம் குப்பையைத் தாமே எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். ஏழு நிமிடத்தில் ஒரு பங்கைப் பயணிகளே சுமந்தார்கள் என்று சொல்லலாம். இது எந்த க்ரூமிங் வகுப்பிலும் கிடைக்காத லாபம்.

மருத்துவமனைத் துப்புரவு பற்றியும் ஒரு பழைய ஆய்வு உண்டு. 2001இல் ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் எழுதியது, அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் 28 துப்புரவு ஊழியர்களிடம் பேசியதை வைத்து. ஒரே வேலை, ஒரே இடம். சிலர் துடைத்தோம், போனோம் என்று இருந்தார்கள். வேறு சிலர் நோயாளியோடு பேசினார்கள், வந்தவருக்கு வழி காட்டினார்கள், செவிலியரின் வேலைக்குத் தோதாகத் தம் வேலையை வரிசைப்படுத்திக்கொண்டார்கள். நோயாளி குணமாவதில் தமக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் எண்ணினார்கள். எனக்கு இது ஆச்சரியமே தரவில்லை. நம் ஊர் வார்டுகளில் இரவு இரண்டு மணிக்கு ஒரு பாட்டிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஒரு ஹவுஸ்கீப்பிங் அக்காதான். அவருடைய வேலைப் பட்டியலில் அது இருக்காது.

'அது ஜப்பான்' என்ற பதில்

இந்தக் கதையைச் சொன்னால் உடனே வரும் பதில்: "அது ஜப்பான் மேடம். அவங்க கலாச்சாரம் அப்படி. பள்ளிக்கூடத்துலயே பிள்ளைங்க வகுப்பறையைக் கூட்டுறாங்க." பள்ளிப் பிள்ளைகள் கூட்டுவது உண்மை. ஆனால் 2005க்கு முந்தைய டெஸ்ஸெயும் ஜப்பானில்தான் இருந்தது. அதே நாடு, அதே பள்ளிக்கூடங்களில் படித்த ஆட்கள், அதே ரயில்கள். புகாரும் விபத்தும் ஆள் விட்டுப்போவதும் உச்சத்தில் இருந்தன. அந்த வேலையைச் செய்ததை வீட்டாரிடம் சொல்லத் தயங்கியவர்கள் அங்கேயும் இருந்தார்கள். கௌரவத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு இங்கே சேர்ந்தேன், இங்கே வந்த பின் புதிதாக ஒரு கௌரவம் கிடைத்தது என்ற பொருளில் ஓர் ஊழியர் சொன்னது பிறகு பலராலும் எடுத்துச் சொல்லப்பட்டது. கலாச்சாரம் மட்டுமே காரணம் என்றால் அவர் எதையும் மூட்டைகட்ட வேண்டியிருந்திருக்காது.

எல்லாவற்றையும் அப்படியே பெயர்த்துக் கொண்டுவரலாம் என்றும் நான் சொல்லவில்லை. நம் நாட்டில் துப்புரவு வேலையின் மேல் சாதியின் சுமை இருக்கிறது. சிவப்புச் சட்டை அதைத் துடைத்துவிடாது. பிஎஃப், இஎஸ்ஐ ஒழுங்காகக் கட்டாத காண்ட்ராக்ட்டில் வேலை செய்பவரிடம் போய், நீங்கள் தொழில்நுட்பர் என்று சொன்னால் அது அவரை நோகடிக்கும். சம்பளமும் மாதக் கடைசியில் சரியாக வருவதும் முதலில். நாடக அரங்கு உருவகத்திலும் ஓர் ஆபத்து உண்டு: வேடிக்கை பார்க்க விருந்தினர் வரும் நாளில் மட்டும் உடுப்பும் சிரிப்பும் என்று ஆகிவிட்டால் ஊழியர் காட்சிப் பொருளாகிவிடுவார்.

இந்திய ரயில்வே இந்தப் பாடத்தை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. ஜப்பானின் ஏழு நிமிடத்தை முன்மாதிரியாகச் சொல்லி, 2023 அக்டோபர் 1 அன்று வந்தே பாரத் ரயில்களை 14 நிமிடத்தில் சுத்தம் செய்யும் திட்டம் 29 இடங்களில் தொடங்கியது. ஒத்திகைகளில் முதலில் 28 நிமிடம் ஆனது, பிறகு 18, பிறகு 14. ஒத்திகை வைத்துப் படிப்படியாகக் குறைத்தது சரியான முறை, பயிற்சி என்பது இப்படித்தான் இருக்க வேண்டும். அந்த ரயிலின் பெட்டிகள் நம் பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையில் உருவானவை என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். நிமிடக் கணக்கோடு ஓய்வறையும் பாராட்டு நோட்டும் ஒவ்வொரு நிலையத்துக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

என் வகுப்பில் மாறியது

கோவைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. டெஸ்ஸெயைப் பற்றிப் படிக்கும் முன் நான் அங்கே மூன்று நாள் வகுப்பு எடுத்தேன். தலை, நகம், சட்டை, சிரிப்பு, "வணக்கம், நான் உதவட்டுமா?" என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மதியம் ஓர் அக்கா எழுந்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. யூனிஃபார்ம் மாத்த எங்களுக்கு ரூம் இல்ல. கழிவறையிலதான் மாத்திக்கிறோம். சாப்பாடும் மாடிப்படியிலதான். ஈரத்துலயே சேலைய மடிச்சு வச்சுட்டு வர்றோம். நீட்டா எப்படி மேடம் வர்றது?" என்னிடம் பதில் இல்லை. மூன்று நாளும் நான் தவறான ஆட்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன் என்று புரிந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மேல் மாடியில் இருந்தார்கள்.

டெஸ்ஸெயைப் படித்த பிறகு என் ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டேன். வகுப்புக்கு முன் ஒரு நாள் நான் ஊழியர்களோடு ஷிப்டில் இருப்பேன். மாப், வைப்பர், ட்ராலி, கையுறை, அவர்கள் சாப்பிடும் இடம், உடை மாற்றும் இடம் எல்லாம் பார்ப்பேன். பார்த்ததை எழுதி நிர்வாகத்திடம் கொடுப்பேன். அதில் குறைந்தது மூன்று குறைகளாவது சரிசெய்யப்பட்ட பிறகே வகுப்பு. வகுப்பிலும் முதல் பாடம் தோற்றம் இல்லை. தொழில்: எந்த நிறத் துணி எந்த இடத்துக்கு, ஒரு சதவீத ஹைப்போ என்னும் கிருமிநாசினிக் கரைசலை எப்படிக் கலப்பது, மஞ்சள் பையில் போக வேண்டியது எது, சிவப்பில் எது, ஊசி எங்கே, ஏன். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளை அவர்கள் மொழியில் சொல்லிக் கொடுத்தால், வார்டில் தவறான பையில் போடும் இளம் டாக்டரிடம்கூட அவர்கள் பணிவாக, தெளிவாகச் சொல்கிறார்கள். அந்தத் தெளிவு வந்த பிறகு நிமிர்ந்து நிற்பதை நான் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பழைய மருத்துவமனைக்கும் திரும்பப் போனேன், இந்தமுறை முதலில் மேல் மாடிக்கு. படிக்கட்டுக்கு அடியில் உடைந்த நாற்காலிகள் போட்டிருந்த அறையைக் காலி செய்து, பூட்டும் அலமாரிகள், ஒரு மின்விசிறி, ஆளுயரக் கண்ணாடி, உட்கார்ந்து சாப்பிட மேசை என்று செய்து கொடுத்தார்கள். பெரிய செலவு இல்லை. அடுத்த வகுப்பில் அந்த அக்கா மறுபடி எழுந்தார். ஐடி கார்டில் 'ஹெச்.கே. 14' என்றுதான் போட்டிருக்கிறது, பெயர் போடச் சொல்லுங்கள் என்றார். நிர்வாகம் ஒப்புக்கொண்டு மாதிரி அட்டை ஒன்று அச்சடித்துக் காட்டியது. அதைக் கையில் வாங்கி, நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து சின்னதா இருக்கு மேடம். கட்டில்ல படுத்திருக்கிறவங்களுக்குத் தெரியணும்" என்று திருப்பிக் கொடுத்தார்.